வாழ வந்தவளும் பிழைக்க வந்தவனும்

புதிதாக ஒருவரைச் சந்தித்தால் நாம் முதலில் கேட்கும் கேள்வி, "உங்களுக்கு எந்த ஊர்?" என்பதுதான். பெயரைக்கூடப் பல சமயம் அதற்குப் பிறகே கேட்கிறோம். ரயிலில் எதிரே உட்கார்ந்தவரிடம் கேட்கிறோம். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியிடம் கேட்கிறோம். இந்தக் கேள்வியில் அன்பு இருக்கலாம். வெறும் பொழுதுபோக்கும் இருக்கலாம். "என்ன சாதி?" என்று நேராகக் கேட்கக் கூசும் நாக்கின் தந்திரமும் சில வேளைகளில் அதற்குள் ஒளிந்திருக்கும்.

கேட்பது எளிது. ஆனால் ஒருவரைப் பார்த்து, "நீ எங்கிருந்து வந்தாய்? ஏன் வந்தாய்?" என்று கேட்கும் உரிமை நமக்கு எப்படி வந்தது? நமக்கு முன்பே வந்துவிட்டவர்கள் என்பதால் வந்ததா? இந்த ஐயத்தை அண்மையில் எனக்குள் எழுப்பியவள் ஒரு கல்லூரி மாணவி.

என் நண்பர் ஒருவரின் மகள் அவள். விருத்தாசலத்தில் பிறந்து வளர்ந்தவள். சென்னையில் பல்கலைக் கழகம் ஒன்றில் மானிடவியல் படிக்கிறாள். சென்னைப் பல்கலைக் கழகத்தில் மானிடவியல் துறை 1945-லேயே தோன்றிவிட்டது. என்றாலும், மலைக்கும் காட்டுக்கும் போய் ஆதிவாசிகளின் வழக்கங்களை எழுதிக்கொண்டு வரும் படிப்பு அது என்றுதான் நம்மில் பலர் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று அவளுடைய பெரியப்பா கேட்டாராம். அந்தப் படிப்பு மலையிலிருந்து இறங்கி நம் தெருவுக்கும், நம் வீட்டுக் கூடத்துக்கும் வந்து நெடுநாளாயிற்று என்பது அவருக்குத் தெரியாது.

இந்த ஆண்டு அவளுக்கு ஒரு பாடம், குடிபெயர்வைப் பற்றியது. வகுப்பில் கேட்டதையெல்லாம் விடுமுறையில் வந்து என்னிடம் சொல்வாள். ராவன்ஸ்டீன் என்பவர் 1885-ல் குடிபெயர்வின் விதிகள் என்று சிலவற்றை வகுத்தாராம். பெரும்பாலோர் நெடுந்தூரம் போவதில்லை. பக்கத்து ஊருக்குத்தான் போகிறார்கள். ஒரு பக்கம் மக்கள் போனால், எதிர்ப்பக்கமாகவும் ஒரு சிறு ஓட்டம் இருக்கும். கிட்டத்து இடப்பெயர்ச்சியில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி. "அவரே ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்துக்குப் போனவர், மாமா" என்று சிரித்தாள். அமெரிக்க மானிடவியலின் தந்தை என்று சொல்லப்படும் ஃபிரான்ஸ் போவாஸும் ஜெர்மனியிலிருந்து போனவர்தாம். வந்தவர்களைப் பற்றிய கல்வியை வளர்த்தவர்களில் பலர் வந்தவர்களாகவே இருந்திருக்கிறார்கள்.

பாடத்தின் நடுவில் ஒரு பயிற்சி. மாணவர்கள் தத்தம் ஊருக்குப் போய், வெளியூரிலிருந்து வந்து அங்கே வாழும் ஒருவரைச் சந்தித்து, அவர் வந்த கதையைக் கேட்டு எழுதிவர வேண்டும். அதற்கு ஒரு படிவமும் கொடுத்தார்கள். பிறந்த ஊர், இதற்கு முன் வசித்த ஊர், வந்த ஆண்டு, வந்த காரணம் என்று வரிசையாகக் கேள்விகள்.

விருத்தாசலத்தில் இப்படி ஒருவரைத் தேட நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குப் போகும் இருப்புப்பாதையும், கடலூரிலிருந்து சேலத்துக்குப் போகும் இருப்புப்பாதையும் கூடுகிற சந்திப்பு அது. ஒரு பக்கம் பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும். இன்னொரு பக்கம் பீங்கான் தொழிற்கூடங்களும், அந்தத் தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணை அகற்றும்போது கிடைக்கிற களிமண்ணைக் கொண்டு வளர்ந்த தொழில் இது. அகல் விளக்கு, பொம்மை, மின்சாரப் ஃபியூஸ் பொருத்தும் பீங்கான் கட்டை என்று எத்தனையோ செய்கிறார்கள். களிமண் பக்கத்தில் கிடைத்தாலும், அதோடு கலக்க வேண்டிய ஃபெல்ஸ்பார் கல் வெளியிலிருந்து வர வேண்டும். 'பீங்கான்' என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது. ஊரின் பழம்பெயர் முதுகுன்றம். அதை வடமொழியில் பெயர்த்து விருத்தாசலம் என்று ஆக்கினார்கள். ஊரின் பெயரே ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் குடிபெயர்ந்ததுதான்.

அந்த ஊரில் அவள் கண்டுபிடித்தவன் கட்டட வேலை செய்யும் ஒரு பீகார் இளைஞன். அவனுடைய பெயரை அவள் எனக்குச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது அந்தப் படிப்பின் நெறி. வேலை முடிந்த பிறகு ஒரு தேநீர்க் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பேசினார்களாம். அவன் தமிழ்நாட்டுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பேசும் தமிழில் கொச்சை இருந்தாலும் தயக்கம் இல்லை. கூலி வாங்கிய அன்றே கைப்பேசியில் ஊருக்குப் பணம் அனுப்பிவிடுவான். அங்கே அவன் தாய் அதை எடுத்துக்கொள்வாள்.

இதைக் கேட்டபோது எனக்கு அந்த ஊர்ப் புராணம் நினைவுக்கு வந்தது. சுந்தரர் முதுகுன்றத்தில் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பார்கள். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பழமொழி அதையொட்டியது. பரவையாரின் செலவுக்காகச் சுந்தரர் செய்ததைத்தான், தாயின் செலவுக்காக அந்தப் பையனும் செய்கிறான். ஒரே வேறுபாடு, அவனுக்குப் பொன் பாட்டுக்குக் கிடைக்கவில்லை. செங்கல் சுமந்ததற்குக் கிடைத்தது.

2023 மார்ச் மாதத்தில், வடநாட்டுத் தொழிலாளரைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய்யான படக்காட்சிகள் பரவினவே, அதைப் பற்றியும் அவள் கேட்டாள். "எனக்கு ஒண்ணும் ஆகலை, அக்கா. அம்மா போன்ல அழுதாங்க. ரெண்டு நாள் ரூமை விட்டு வெளியே போகலை. மூணாம் நாள் மேஸ்திரி கூப்பிட்டாரு, போயிட்டேன்" என்றான். வதந்தி பொய்தான். ஆனால் அந்த இரண்டு நாள் பயம் பொய்யல்ல. ஆறு ஆண்டுகள் வாழ்ந்த ஊரை ஒரே இரவில் நம்பமுடியாமல் போகும் நிலையில் ஒருவன் இருக்கிறான் என்றால், அந்த ஆறு ஆண்டுகளில் ஊர் அவனுக்கு என்னவாக இருந்தது?

கேள்விகள் முடிந்தன. அவள் படிவத்தை மடித்துக்கொண்டு எழுந்தாள். அப்போது அவன் கேட்டான்: "அக்கா, உங்களுக்கு எந்த ஊரு?"

"இதே ஊர்தான்."

"அப்பா, அம்மா, பாட்டி எல்லாரும் இதே ஊருதானா?"

"ஆமாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியிலேயே, அது உண்மையா என்ற சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் அதே படிவத்தை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

அவளுடைய தாய் லால்குடியில் பிறந்தவர். விருத்தாசலத்திலிருந்து திருச்சிக்குப் போகும் அதே பாதையில் இருக்கும் ஊர்தான். "பிறந்த ஊர் லால்குடின்னு எழுதிட்டேன். சொந்த ஊர்னு எதை எழுதட்டும்?" என்று மகள் கேட்டாள். தாய் குழம்பைக் கிளறிக்கொண்டே சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "என் பேருக்குப் பக்கத்திலே லால்குடின்னு கடைசியா அச்சானது கல்யாணப் பத்திரிகையிலேதான். அதுக்கப்புறம் யாரும் என்னை எந்த ஊருன்னு கேட்டதில்லை. நீ எதை வேணும்னாலும் எழுதிக்கோ."

வீட்டில் ஆயா இருக்கிறார், தந்தையைப் பெற்றவர். அவரிடம் கேட்டபோது வந்த பதில் இது: "நான் பொறந்த ஊரா? அது இப்பக் குழி, கண்ணு." நெய்வேலியில் 1957-ல் சுரங்க வேலை தொடங்கியது. அதற்காக நிலம் எடுக்கப்பட்ட ஊர்களில் ஒன்று அவருடையது. அப்போது அவருக்குப் பத்து வயது. வண்டியில் சட்டி பானைகளோடு விருத்தாசலத்துப் பக்கம் வந்தார்கள். பழைய ஊரின் பெயருக்கு முன்னால் 'புது' என்று ஒட்டவைத்துக்கொண்டு குடியேறினார்கள். "சுத்துப்பட்டு ஊருக்காரங்க எங்களை ரொம்ப நாள் 'வந்தவங்க, வந்தவங்க'ன்னுதான் சொல்லுவாங்க. இப்ப எங்க ஆளுங்களே அந்த வடக்கத்திப் பசங்களை அப்படிச் சொல்றாங்க" என்றாராம் ஆயா.

மாணவி எல்லாவற்றையும் எழுதிப் பேராசிரியையிடம் கொடுத்தாள். வந்த காரணம் என்ற இடத்தில் பீகார் இளைஞனுக்கு 'பிழைப்பு' என்றும், அரசு வேலை கிடைத்துக் கிராமத்திலிருந்து நகருக்குக் குடிவந்த தன் தந்தைக்கு 'பணி நிமித்தம்' என்றும் எழுதியிருந்தாள். பேராசிரியை இரண்டு சொற்களையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரே வரி எழுதியிருந்தாராம்: "காரணம் ஒன்று, சொல் ஏன் இரண்டு?"

அந்த ஒரு வரிக்காகவே அந்த வகுப்புக்குக் கட்டிய பணம் தகும் என்று நான் நினைக்கிறேன்.

நம் மொழி சொல்வளம் மிகுந்தது. அந்த வளத்தை இந்த ஒரு செயலுக்கு நாம் எப்படிச் செலவிட்டிருக்கிறோம் என்று பாருங்கள். ஊர்விட்டு ஊர் வருவது என்பது ஒரே செயல். மணமாகி வருகிறவளுக்கு 'வாழ வந்தவள்' என்று பெயர். அதிகாரியாக வருகிறவர் 'மாற்றலாகி வந்தவர்'. கூலிக்கு வருகிறவன் 'பிழைக்க வந்தவன்'. நமக்குப் பிடிக்காதபோது 'வந்தேறி'. நம் வீட்டுப் பிள்ளை கடல் கடந்து போனால், "அமெரிக்காவில் இருக்கிறான்" என்று சொல்கிறோம். "அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போயிருக்கிறான்" என்று எந்தத் தாயாவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? பீகாரிலிருந்து வந்தவனும் சம்பளத்துக்குத்தான் வந்தான். நம் பிள்ளையும் சம்பளத்துக்குத்தான் போனான். சொல் மட்டும் வேறு. வந்ததை வைத்து நாம் சொல்லைத் தேர்ந்தெடுக்கவில்லை. வந்தவரின் தகுதியை எடைபோட்டுத் தேர்ந்தெடுக்கிறோம்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு மக்கள் கூட்டமே இந்தச் சொற்களுக்கு நடுவில் அலைந்த வரலாறு நமக்கு உண்டு. தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள், அங்கேயே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளைக் கண்டார்கள். விருத்தாசலம் என்று பெற்றோர் பெயரிட்ட ஓர் எழுத்தாளர், புதுமைப்பித்தன் என்ற புனைபெயரில், அந்தத் தோட்ட வாழ்வின் துயரத்தைத் 'துன்பக் கேணி'யில் எழுதினார். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தது. அப்படி வந்தவர்களுக்கு நம் அரசு இட்ட பெயர் 'தாயகம் திரும்பியோர்'. கேட்பதற்கு இனிய பெயர்தான். ஆனால் அவர்களில் எத்தனையோ பேர் இந்த மண்ணை அதற்கு முன் கண்ணால் கண்டதே இல்லை. பார்த்தறியாத ஊருக்கு ஒருவர் எப்படித் திரும்ப முடியும்? அங்கே அவர்களைக் 'கள்ளத்தோணி' என்று ஏசினார்கள். இங்கே 'சிலோன்காரர்' ஆனார்கள். பிறந்த இடத்திலும் வந்தவர்கள். வந்த இடத்திலும் வந்தவர்கள். தவறு செய்தது அவர்களல்ல. அவர்களுக்குப் பெயரிட்ட நாவுகள்.

இனி நம் அம்மாக்களை எண்ணிப் பாருங்கள். 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியாவில் இடம்பெயர்ந்தவர்கள் 45 கோடிக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் இடம்பெயர்ந்ததற்கு மிகப் பெரிய காரணம் திருமணம். இந்த நாட்டின் மிகப் பெரிய குடிபெயர்வு ரயில் நிலையங்களில் நடக்கவில்லை. கல்யாண மண்டபங்களில் நடக்கிறது. 'வாழ வந்தவள்' என்ற அழகிய சொல்லால் அதை மூடிவைத்திருக்கிறோம். அவளுக்கு ஊர் இருந்ததென்பதைக்கூட மறந்துவிடுகிறோம். ஒருவனிடம் ஓயாமல் ஊரைக் கேட்கிறோம். ஒருத்தியிடம் முப்பது ஆண்டுகள் கேட்காமலே இருந்துவிடுகிறோம். இரண்டும் ஒரு நாணயத்தின் இரண்டு பக்கங்கள்தாம். இருவருக்கும் 'இது என் ஊர்' என்று சொல்லும் உரிமையை நாம் முழுமையாகக் கொடுக்கவில்லை.

"அப்படியானால் எல்லோருமே வந்தவர்கள்தானே? எல்லாம் ஒன்றுதானே?" என்று சிலர் எளிதாக முடித்துவிடுவார்கள். அந்த முடிவையும் நான் ஏற்கமாட்டேன். சுரங்கத்துக்காக ஊரை இழந்த ஆயாவும், உத்தியோகம் கிடைத்து நகருக்கு வந்த அவருடைய மகனும் ஒன்றல்ல. ஒருவர் துரத்தப்பட்டார், மற்றவர் தேர்ந்தெடுத்தார். 2020-ல் ஊரடங்கு வந்தபோது சிலர் வீட்டில் பாதுகாப்பாக இருந்தார்கள். சிலர் நூற்றுக்கணக்கான மைல் நெடுஞ்சாலையில் நடந்தார்கள். எல்லோரும் வந்தவர்களே என்று பொதுவாகச் சொல்வது, நடந்தவனுடைய காலின் கொப்புளத்தை நம் பாதத்தில் வரைந்துகொள்வது போன்றது. துன்பத்தில் வேறுபாடு உண்டு. மதிப்பில்தான் வேறுபாடு கூடாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. "அவன் குறைந்த கூலிக்கு வருகிறான், எனக்கு வேலை போகிறது" என்று உள்ளூர்க் கொத்தனார் சொல்கிறார். அவரைக் கெட்டவர் என்று ஒதுக்கிவிடுவது வசதியுள்ளவர்களின் அறம். அவருடைய அடுப்பு எரிய வேண்டும். ஆனால் குறைந்த கூலியை நிர்ணயித்தவன் பீகார் பையன் அல்லவே! இருவரையும் மோதவிட்டு மிச்சம் பிடிக்கிறவர் ஒருவர் உண்டு. சில சமயம் அவர் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நம்மைப் போன்ற நடுத்தர மனிதராகவும் இருப்பார். வந்தவன்மேல் கோபம் திரும்பும்வரை அவருக்கு நிம்மதி.

வந்தாரை வாழவைக்கும் நாடு என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். பெருமை நல்லதுதான். ஆனால் அந்தச் சொற்றொடரில் வாழவைப்பவர் நாம்; வாழ்விக்கப்படுகிறவர் வந்தவர். உண்மை அப்படி ஒருவழிப்பாதையா? லால்குடியிலிருந்து வந்த பெண் அந்த வீட்டை வாழவைத்திருக்கிறாள். பீகாரிலிருந்து வந்த பையன் அந்த ஊரின் சுவர்களை எழுப்பியிருக்கிறான். விருந்தாளிக்குச் சோறு போடுவது ஒரு பண்பு. ஆனால் ஒருவரை என்றைக்கும் விருந்தாளியாகவே வைத்திருப்பது, என்றைக்கும் நாமே வீட்டுக்காரராக இருப்பதற்கான உபாயம்.

இதற்கு விடை வெளிநாட்டு நூல்களில் மட்டும் இல்லை. இலங்கையில் பிறந்த மானிடவியலறிஞர் வேலண்டைன் டேனியல், திருச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்து, 1984-ல் ஒரு நூல் வெளியிட்டார். தமிழர்களுக்கு ஊர் என்பது வரைபடத்தில் உள்ள எல்லை அல்ல என்று அதில் எழுதினார். அந்த மண்ணில் விளைந்ததை உண்டு, அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போது, ஊரின் குணம் மனிதருக்குள் கலக்கிறது என்பது நம் மக்களின் நம்பிக்கை என்றார். "அந்த ஊர்த் தண்ணி எனக்கு ஒத்துக்கல்லை" என்று நாம் சொல்வது இதனால்தான். நம்முடைய இந்தக் கணக்கையே நாம் நேர்மையாகப் போட்டுப் பார்க்கலாமே! ஆறு ஆண்டுகள் விருத்தாசலத்துத் தண்ணீரைக் குடித்து, அந்த ஊர்க் கடைச் சோற்றை உண்டு, அந்த வெயிலில் வியர்த்தவனுக்குள் ஊர் எவ்வளவு கலந்திருக்கும்?

படிப்பு இதையெல்லாம் சொல்லித் தரும். செய்ய வைக்காது. போவாஸ், அமெரிக்காவில் குடியேறியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமாக ஏறக்குறைய 18,000 பேரை அளந்து பார்த்தார். இனத்தின் மாறாத அடையாளம் என்று நம்பப்பட்ட தலையின் வடிவம்கூட ஒரே தலைமுறையில் மாறுகிறது என்று 1911-ல் அறிவித்தார். ஆனாலும் 1924-ல் அந்த நாடு, இன்ன நாட்டிலிருந்து இத்தனை பேர்தான் வரலாம் என்று கடுமையான சட்டம் செய்தது. அறிவு ஒரு வாசலில் நுழைந்தால் அச்சம் மறு வாசலில் வெளியேறிவிடும் என்பதில்லை.

அந்த மாணவி என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்: "எனக்கு மதிப்பெண் கிடைத்தது, மாமா. கதை சொன்னவனுக்கு என்ன கிடைத்தது? நான் அவனுக்கு என்ன செய்ய வேண்டும்?"

நல்ல கேள்வி. பணம் கொடுத்து இந்தக் கடனைத் தீர்க்க முடியாது. அவன் திருப்பிக் கேட்ட கேள்விக்கு அவள் இன்னும் சரியான பதில் சொல்லவில்லை. முதலில் அதைச் சொல்லட்டும். "என் அம்மா லால்குடியிலிருந்து வந்தவர், என் ஆயாவின் ஊர் சுரங்கத்துக்குள் போயிற்று, நாங்களும் வந்தவர்கள்தாம்" என்று அவனிடம் சொல்லட்டும். பிறரைப் பார்த்து ஊர் கேட்கும் உரிமை, அதே கேள்விக்குத் தானும் ஒளிக்காமல் பதில் சொல்லத் துணிந்தவருக்கே உண்டு. அவள் நாளை ஆராய்ச்சியாளராகவோ அதிகாரியாகவோ ஆகி எத்தனையோ படிவங்களை நிரப்புவாள். அப்போது தந்தைக்கு ஒரு சொல்லும் தொழிலாளிக்கு ஒரு சொல்லும் எழுதாமல் இருந்தால், அந்தத் தேநீர்க் கடைப் பெஞ்சில் பட்ட கடன் கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும்.

நம்மிடம் படிவம் இல்லை. ஆனால் நாமும் நாள்தோறும் மனிதர்களுக்குச் சொற்களை நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். பல்கலைக் கழகத்துக்குப் போகாமலே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. இன்று இரவு, வேலை ஓய்ந்த நேரத்தில், உங்கள் வீட்டுக்கு வாழ வந்தவரிடம் அவருடைய ஊரைப் பற்றிக் கேளுங்கள். அங்கே ஆறு இருந்ததா, அவர் படித்த பள்ளி எது, அவருடைய சிநேகிதி யார் என்று கேளுங்கள். பொறுமையாகக் கேட்டால், அந்த ஊர் அவரை விட்டு இன்னும் போகவில்லை என்பது தெரியும். அதைத் தெரிந்துகொண்டவர், மறுநாள் தெருவில் செங்கல் சுமக்கும் இளைஞனைப் பார்த்துப் 'பிழைக்க வந்தவன்' என்று அத்தனை எளிதாகச் சொல்லிவிட மாட்டார்.